அட்டையில் எழுதிய நூற்றிருபது

தோட்டத்துக் கிளினிக்கில் இருபத்திரண்டு வருஷமாக டிரெசராக, அதாவது டாக்டர் இல்லாத இடத்தில் நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவ உதவியாளராக, இருக்கிறார் தோமஸ். நாடி பிடிப்பதில் கைதேர்ந்தவர் என்று பெயர். மார்ச் மாதம் ஜூலியானா தன் மூன்று வயது மகள் சோஃபியாவைத் தூக்கிக்கொண்டு வந்த அன்று மட்டும் அவரால் எண்ண முடியவில்லை.

"நெஞ்சுல கை வெச்சா படபடன்னு ஓடுது டிரெசர். தூங்கறப்பகூட அப்படித்தான்," என்றாள் ஜூலியானா. கியா பார்ம் சந்தையில் ஒரு காய்கறிக் கடையில் வேலை அவளுக்கு. அரைநாள் லீவு போட்டு வந்திருந்தாள்.

பிள்ளை சிரித்துக்கொண்டே அவர் சட்டைப் பொத்தானைத் திருகியது. தோமஸ் ஸ்டெதஸ்கோப் குழலை அதன் நெஞ்சில் வைத்தார். துடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓடின. எண்ணிக்கை தவறியது. மறுபடி தொடங்கினார், மறுபடியும் தவறியது. வெளியே கூட்டம் முணுமுணுத்தது.

"பயத்துல ஓடுதுலா. சின்னப் பிள்ளைங்களுக்கு அப்படித்தான்," என்றவர், பிள்ளையின் கிளினிக் அட்டையில், அந்த வயதுக்கு வழக்கமான நூற்றிருபது என்று எழுதி, பேருக்கு ஓர் இருமல் மருந்து கொடுத்தனுப்பினார்.

ஜூனில் மறுபடி வந்தாள். பிள்ளை சாப்பிடவில்லை, நாலு எட்டு நடந்தால் உட்கார்ந்துகொள்கிறது என்றாள். தோமஸ் குழலை எடுக்கவே இல்லை. "செல்லம் கொடுத்துக் கெடுத்து வெச்சிருக்கியேம்மா," என்றார்.

ஆகஸ்டில் சோஃபியாவுக்கு முகம் வீங்கி மூச்சு வாங்கியது. ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து கோலாலம்பூருக்கு அனுப்பினார்கள். ஒரு வாரம் கழித்து அங்குள்ள இதய டாக்டர் தர்ஷினி கிளினிக்குக்குப் போன் செய்தார்.

"பிள்ளையோட இதயம் ரொம்ப பலவீனமா இருக்கு. துடிப்பு இருநூறைத் தாண்டுது, மருந்துக்கு அடங்கல. தசை கெட்டதால துடிப்பு ஓடுதா, இல்ல துடிப்பு ஓடி ஓடியே தசை களைச்சுப் போச்சான்னு குழப்பமா இருக்கு. களைப்புதான்னா, ரத்தக்குழாய் வழியா கம்பி விட்டு அந்தத் துடிப்பு கிளம்பற இடத்தைச் சுட்டுடலாம், இதயம் தானா தேறிடும். ஆனா இந்த நிலைமையில அது ஆபத்தான வேலை. பிள்ளை நல்லா இருந்தப்பவே துடிப்பு ஓடியிருந்தா, களைப்புதான்னு துணிஞ்சு செய்யலாம். அம்மா மார்ச்சுலயே ஓடுச்சுங்கறாங்க. உங்க அட்டையில நூற்றிருபதுன்னு இருக்கு. அவங்களுக்குச் சரியா ஞாபகம் இல்லையோ?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஜூலியானா பொய்க்காரியாவாள், அவர் தப்பித்துக்கொள்வார்.

"அது நான் எண்ணினது இல்ல டாக்டர்," என்றார். "எண்ண முடியல. அவ்வளவு வேகம். சும்மா எழுதிட்டேன். அப்போ பிள்ளை நல்லா சிரிச்சு விளையாடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. அந்த அம்மா சொல்றதுதான் நிஜம்."

"எழுத்துல அனுப்புங்க. இன்னிக்கே," என்று மட்டும் சொன்னார் டாக்டர்.

தோமஸ் அப்படியே எழுதி அனுப்பினார். ஒரு பிரதியைத் தோட்ட மேனேஜரிடமும் கொடுத்தார். இரண்டு நாளில் சிகிச்சை நடந்தது; துடிப்பு அடங்கியது. டிசம்பரில் எடுத்த ஸ்கேனில் இதயம் பழைய பலத்துக்கு வந்துவிட்டிருந்தது.

ஸ்கேன் முடிந்து சோஃபியா வீடு திரும்பிய வாரமே தோமஸ் அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"டாக்டர் எல்லாம் சொல்லிட்டாங்க," என்றாள் ஜூலியானா. உட்காரச் சொல்லவில்லை. "அஞ்சு மாசம், டிரெசர். எனக்குத்தான் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு வீட்டுல எல்லாரும் சொன்னாங்க. நானும் நம்ப ஆரம்பிச்சுட்டேன்."

"என்னை மன்னிச்சிரும்மா."

"இனிமே எண்ண முடியலைன்னா, எண்ண முடியலைன்னே எழுதுங்க," என்றாள்.

சோஃபியா ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள். விரல்கள் பழக்கத்தில் அவள் மணிக்கட்டுக்குப் போயின. தோமஸ் கூசிப்போய்க் கையை விடுவித்துக்கொண்டார்.