முப்பதாவது பெயர்

பொட்டலத்தைப் பிரித்தால் வெள்ளைப் பூ. சந்திரகலா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பாத்தியா கவி, சாமியே சொல்லிட்டாரு," என்று மகளைப் பார்த்துப் பூரித்தாள். சாமி என்ன சொன்னார் என்பது கவிநிலாவுக்கு இன்னும் பிடிபடவில்லை.

விஷயம் இதுதான். கவிநிலா நர்சிங்கில் முதுகலை இரண்டாம் வருடம் படிக்கிறாள். சர்க்கரை நோய் உள்ள பெண்களுக்குப் பாதத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக்கொடுத்தால் பலன் உண்டா என்பது அவளுடைய ஆராய்ச்சி. இரண்டு ஊர், ஊருக்கு முப்பது பெண்கள். ஒரு ஊரில் பாடம் நடத்த வேண்டும். இன்னொரு ஊரில் மூச்சு விடக் கூடாது. ஏழு வாரம் கழித்து இரண்டையும் ஒப்பிட வேண்டும். எந்த ஊருக்குப் பாடம் என்பதைக் குலுக்கல் போட்டு எடு என்று கைடு சைலஜா மேடம் சொல்லியிருந்தார். இதை வீட்டில் வாய் தவறிச் சொன்னதுதான் தப்பாகப் போய்விட்டது. "அதுக்கு எதுக்குடி டப்பாவும் சீட்டும்?" என்று அம்மா அவளை அண்ணாமலையார் கோயிலுக்கு இழுத்து வந்துவிட்டாள். கல்யாணத்துக்கும் கிணறு வெட்டுவதற்கும் பூ கட்டிப் பார்க்கிற குடும்பம், தீசிஸ் மட்டும் என்ன பாவம் செய்தது? சிவப்பு வந்தால் பாடம் கீழ்பென்னாத்தூருக்கு, வெள்ளை வந்தால் அடி அண்ணாமலைக்கு. வரிசையில் நின்ற யாரோ ஒரு குழந்தை ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தது. யோசித்துப் பார்த்தால் இதுவும் குலுக்கல்தானே என்று கவிநிலா சமாதானம் செய்துகொண்டாள்.

பாடம் இல்லாத ஊர் அவள் பிறந்து வளர்ந்த கீழ்பென்னாத்தூர் என்பது பஸ் ஏறிய பிறகுதான் உறைத்தது. தெரிந்த முகங்கள், வேலை சுலபம் என்று அவளே தேர்ந்தெடுத்த ஊர்.

மூன்று நாள் தெருத் தெருவாக அலைந்து பெயர் சேர்த்தாள். நாற்பதிலிருந்து அறுபது வயது, சர்க்கரை வந்து ஐந்து வருடமாவது ஆகியிருக்க வேண்டும், காலில் புண் இருக்கக் கூடாது. இருபத்தொன்பது பேர் தேறினார்கள். வெள்ளிக்கிழமைக்குள் இடமும் ஆட்களும் முடிவாகவில்லை என்றால் வேறு ஊர், வேறு அனுமதிக் கடிதம், இந்த வருடப் பரீட்சை அம்போ. ஊரில் மிச்சம் இருந்தது பக்கத்து வீட்டுப் பாஞ்சாலை ஒருத்திதான். எங்கே போய்விடப் போகிறாள் என்று கடைசிக்கு விட்டிருந்தாள்.

பாஞ்சாலை வாசலில் உட்கார்ந்து முறத்தில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். வயது ஐம்பத்திரண்டு. சர்க்கரை ஏழு வருடம். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. கவிநிலா நோட்டில் முப்பது என்று எண் போட்டுப் பெயரை எழுதினாள். வேலை முடிந்த சந்தோஷத்தில், "வேண்டுதல் எப்படிப் போவுது பெரிம்மா?" என்று சும்மா கேட்டு வைத்தாள். ஒன்பது பௌர்ணமிக்குச் செருப்பில்லாமல் மலையைச் சுற்றுவதாகப் பாஞ்சாலைக்கு வேண்டுதல்.

"ஏழு முடிஞ்சிச்சி. போன தபா மத்தியானமே நடக்க ஆரம்பிச்சிட்டேன். ஜனங்க தார் ரோட்ல குதிக்குதுங்க. எனக்குச் சூடே தெரில கவி. புல்லு மேல நடக்கற மாதிரி இருந்துச்சி. என் கால் சூட்ட அண்ணாமலையாரு எடுத்துக்கினாரு." சொல்லும்போது அவள் கண் கலங்கிவிட்டது.

கவிநிலா நோட்டை மூடினாள். சர்க்கரை முற்றினால் பாதத்தின் நரம்பு செத்துப்போகும், சூடோ வலியோ தெரியாது என்று எத்தனை முறை பரீட்சையில் எழுதியிருக்கிறாள். "பெரிம்மா, அது..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். இவளிடம் சொன்னால் பொழுது சாய்வதற்குள் குழாயடி முழுக்கத் தெரிந்துவிடும். மற்ற இருபத்தொன்பது பேரும் பாடம் கேட்டவர்கள் ஆகிவிடுவார்கள். சொல்லாவிட்டால்? அடுத்த பௌர்ணமிக்குப் பதினொரு நாள்தான் இருந்தது.

வீட்டுக்குப் பின்னால் போய் மேடத்துக்கு போன் செய்து விஷயத்தைச் சொன்னாள்.

"அந்தம்மா கால்ல புண்ணு இருக்கா?" என்றார் சைலஜா.

"பாக்கல மேடம்."

"போய்ப் பாரு. இருந்தா அவங்க சாம்பிள்ல வரமாட்டாங்க. நீ ஆஸ்பத்திரிக்கு அழைச்சிட்டுப் போ, என்ன வேணா சொல்லு. இல்லன்னா பாடம் இல்லாத கண்ட்ரோல் குரூப்தான். ஏழு வாரம் பொறுத்துக்கோ, அப்புறம் எல்லாருக்கும்தான் சொல்லப் போறியே."

"பதினொரு நாள்ல பௌர்ணமி மேடம். பாடத்த இந்த ஊருக்கு மாத்தி..."

"குலுக்கல்ல வந்தத மாத்துவாங்களா கவிநிலா?"

அம்மாவிடம் கேட்டாலும் இதேதான் வரும், சாமி சொன்னதை மாற்றுவார்களா என்று. ஆளுக்கொரு திசையில் இருக்கிறவர்கள் இதில் மட்டும் ஒரே கட்சி. யார் மேல் கோபப்படுவது என்றே அவளுக்கு விளங்கவில்லை.

திரும்பி வந்து பாஞ்சாலையின் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். "காலக் குடுங்க பெரிம்மா, பாக்கணும்."

"ஐயே, என் கால நீ தொடறதா? சரி, நர்ஸம்மா சொன்னா கேக்கணும்." பாஞ்சாலை காலை நீட்டிவிட்டு முறத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கவிநிலா அந்தக் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். குதிகாலில் பித்தவெடிப்பு. விரல் இடுக்குகளில் செம்மண். ஒவ்வொரு விரலாக விலக்கிப் பார்த்தாள். புண் இல்லை. இன்னொரு முறை பார்த்தாள். சின்னதாக, கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு ஒன்று இருந்துவிடக் கூடாதா என்று மனம் கெஞ்சியது. இருந்தால் முப்பதாவது பெயர் போய்விடும், ஒரு வருடமும் போய்விடும் என்று அதே மனம் பயந்தது. ஒரு நர்ஸ் இன்னொருத்திக்குப் புண் வேண்டி நிற்கலாமா?

"பாதத்துல அழுத்தறேன் பெரிம்மா. தெரிஞ்சா சொல்லுங்க."

"ம்."

முறத்தில் ஓடு விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துப் பாஞ்சாலை, தலையைத் திருப்பாமலே, "இன்னா யோசிச்சினு குந்தினுகீற? அழுத்து," என்றாள். கவிநிலாவின் கட்டைவிரல் நகம் அந்த உள்ளங்காலில் பாதிக்கு மேல் புதைந்திருந்தது.