பூவரசு எழுதின அபிப்பிராயம்

கிட்ட வாங்க கண்ணுகளா. அந்த டிவிச் சத்தத்தைச் சித்தக் கொறைச்சுப்போட்டு, இப்படி என் பக்கத்துல உக்காருங்க. இன்னைக்கு ஒரு கதை சொல்றேன். சண்டையும் இல்லை, கொலையும் இல்லை. ஒரு புஸ்தகத்தைப் பத்தி நாலு வார்த்தை எழுதப்போயி, ஒரு பொம்பளை ஒரு பகல் முழுக்க உசுரைக் கையில புடிச்சுட்டு ஓடின கதை.

கோயமுத்தூருக்கு இன்டர்நெட் வந்த புதுசு. டவுன்ஹால் பக்கம் உமர் பாரூக்குன்னு ஒருத்தர் பிரவுசிங் சென்டர் வெச்சிருந்தார். அங்கே போய்வந்த வாசகர்கள் சிலர் ஒரு மெயில் குரூப்பில் சேர்ந்திருந்தார்கள். மாசம் ஒரு புஸ்தகம். எல்லோரும் படிச்சு அபிப்பிராயம் எழுதணும். ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எழுதிவிடக் கூடாது என்று, வந்த மெயில் எல்லாம் குரூப்பை நடத்துகிற வின்ஸ்டனிடம் தங்கும். குறித்த வெள்ளிக்கிழமை சாயந்திரம் நாலு மணிக்கு, மில்லில் ஷிப்ட் முடிந்ததும், அவர் எல்லோரும் படிக்கிற மாதிரி மொத்தமாகத் திறந்துவிடுவார்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. யாரும் சொந்தப் பேரில் எழுத மாட்டார்கள். நம்ம ஊரைப் பத்தித்தான் தெரியுமே. எதிரே நிற்கிறவரிடம் "நல்லா இல்லீங்க" என்று சொல்ல நமக்கு வாய் வராது. உப்பில்லாத குழம்பைக்கூட "அருமையா இருக்குதுங்க" என்று சொல்லி ரெண்டாந்தரம் வாங்கிச் சாப்பிடுகிற சனம் நாம். அதனால், மனசில் பட்டதைச் சொல்லணும் என்றால் முகத்தை மறைச்சுக்கோ என்று ஏற்பாடு.

அந்தக் குரூப்பில் 'பூவரசு' என்ற பேரில் எழுதினவள் கிளாடிஸ். கோயமுத்தூரிலேயே ராமநாதபுரத்தில் குடியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லித் தருவாள். முகம் பார்த்துப் பேசினால் தேன். பேனா எடுத்தால் அரிவாள்மணை. கையால் எழுதிக் கொண்டுபோய்க் கொடுப்பாள். பாரூக் அதை இங்கிலீஷ் எழுத்தில் தட்டி அனுப்புவார். குரூப்பில் இல்லாத, ஸ்கிரீன் பார்த்துப் படிக்க முடியாதவர்களுக்காக, தான் தட்டின ஒவ்வொன்றையும் ஒரு பிரிண்ட் எடுத்து, சுவரில் ஆணியடித்துக் கிளிப்பில் மாட்டிவைப்பார். போகிற வருகிறவர்கள் எடுத்துப் படிப்பார்கள்.

அந்த மாசத்துப் புஸ்தகம், செவ்வந்தி என்று ஒருத்தி எழுதின முதல் நாவல். குழந்தையைப் பறிகொடுத்த ஒரு தாயின் கதை. கிளாடிஸ் படிச்சாள், எழுதினாள், வியாழக்கிழமை கொடுத்துவிட்டு வந்தாள். மறந்தும் போனாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் ரூபனுடைய அக்கா, அதாவது இவளுக்கு நங்கையா, அற்புதம் வந்து நின்றாள். அதே வீட்டில்தான் இருந்தாள். மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். டியூட்டிக்குக் கிளம்பின வெள்ளைச் சேலை. முந்தானைக்குள்ளே எதையோ மறைச்சு வைத்திருந்தாள்.

"ஏன் கண்ணு, சிரிக்கக் கூடாது."

"நான் எதுக்குங்க நங்கையா சிரிக்கிறேன்?"

அற்புதம் புஸ்தகத்தை எடுத்து நீட்டினாள். செவ்வந்தியின் நாவல்.

"இது நான் எழுதுனது. உன்ற புருஷனுக்குக்கூடத் தெரியாது. கம்ப்யூட்டர்ல ஒரு கூட்டம் இருக்குதாமா. இன்னைக்கு நாலு மணிக்கு இதைப் பத்திப் பேசப்போறாங்க. ராவெல்லாம் இதையேதான் பொரட்டிட்டு இருந்தேன்."

கிளாடிஸுக்குக் கையில் துருவல்பல் கீறியது. ரத்தம் வந்ததுகூடத் தெரியவில்லை. கண் தானாகக் கூடத்துச் சுவருக்குப் போனது. அங்கே மெர்சியின் போட்டோ. அற்புதத்தின் ஒரே மகள். ஆறு வயசில் காய்ச்சலில் போனவள். கிளாடிஸ் அந்த வீட்டுக்கு வருவதற்கு முந்தியே நடந்தது. வீட்டில் யாரும் அதைப் பேசுவதில்லை.

அவள் எழுதின கடைசி வரி மண்டைக்குள் ஓடியது: "பிள்ளையைச் சாகக்கொடுத்தவள் எப்படி இருப்பாள் என்று இந்த அம்மாளுக்குத் தெரியாது. தெரிந்தவர்களிடம் கேட்டுவிட்டாவது எழுதியிருக்கலாம்."

"எப்படிக் கண்ணு, நல்லா வரும்ல?" என்றாள் அற்புதம்.

"வருமுங்க," என்றாள் கிளாடிஸ். வேறென்ன சொல்ல?

அற்புதம் டியூட்டிக்குக் கிளம்பிப் போனதும் இவள் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, குழம்புக்கு ஏற்பாடு பண்ணினதை அப்படியே போட்டுவிட்டு, பாரூக் கடைக்கு ஓடினாள்.

"பாய், நேத்து அனுப்புனதைத் திருப்பி எடுக்கோணும்."

"அம்மணி, அது தபால்பெட்டி மாதிரி. போட்டது போட்டதுதான். வேணும்னா வின்ஸ்டன் சாருக்கு இன்னொரு மெயில் போட்டு, நிறுத்தச் சொல்லலாம். ஆனா..." அவர் வெளியே கையைக் காட்டினார். ரோட்டில் பள்ளம் தோண்டியிருந்தார்கள். "காலையில இருந்து போன் லைன் செத்துக் கெடக்குது. சாயந்திரம் பொழுதோடதான் வருமாமா."

அந்த நேரத்தில் சுவரில் கிளிப் வெறுமனே தொங்கியது. கிளாடிஸ் பார்த்தாள். பார்த்தும் மனசில் ஏறவில்லை.

தள்ளி, லைன் சாகாமல் இருந்த எஸ்டிடி பூத்தில் இருந்து பெருந்துறைக்குப் போன் போட்டாள். வின்ஸ்டன் வேலை பார்த்த நூல்மில் பெருந்துறை ரோட்டில் இருந்தது. வாட்ச்மேன்தான் எடுத்தார்.

"ஷிப்ட்ல இருக்கிற ஆளைக் கூப்பிட முடியாதுங்க. யாராச்சும் தவறிட்டாங்களா?"

"இல்லீங்க."

"அப்போ நாலு மணிக்கு மேல கூப்பிடுங்க."

நாலு மணிக்கு மேலே கூப்பிட்டு என்ன ஆகும்? காந்திபுரம் போய் ஈரோடு பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

அன்றைக்கென்று பஸ் நிறுத்தம் நிறுத்தமாக நின்று ஆள் ஏற்றியது. அவிநாசியில் டிரைவர் இறங்கி டீ குடித்தார். செங்கப்பள்ளி தாண்டியதும் டயர் வெடித்தது. எல்லாரும் இறங்கி, மாற்று டயர் வரும் வரைக்கும் மணிக்கணக்காகப் புளியமரத்தடியில் நின்றார்கள். பக்கத்தில் நின்ற வெள்ளகோவில்காரம்மா கிளாடிஸின் முகத்தைப் பார்த்து, "ஒறம்பரை சொந்தத்துல யாருக்காச்சும் சீரியஸுங்களா?" என்று கேட்டாள்.

"ஆமாங்க," என்றாள் கிளாடிஸ். பொய்யாகத் தோன்றவில்லை.

"எந்த ஆஸ்பத்திரி?"

கிளாடிஸ் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தம்மா பாவப்பட்டு, ஒரு ஆரஞ்சை உரித்துப் பாதியைக் கையில் வைத்தாள். கிளாடிஸ் அதைத் தின்னாமல் பிடித்துக்கொண்டே நின்றாள். அற்புதம் ராத்திரி டியூட்டிக்குப் போய்வந்து, பகலில் தூங்காமல் உட்கார்ந்து எழுதியிருப்பாளே, அப்போதெல்லாம் கதவு சாத்தியிருந்ததே என்று இப்போதுதான் நினைத்தாள். தலைவலி போலிருக்கிறது என்று காப்பி வைத்துக் கொடுத்ததோடு சரி.

மில் கேட்டில் இறங்கினபோது நாலு அடிக்கப் போகிற நேரம். வாட்ச்மேன் அவள் கண்ணைப் பார்த்ததும் கேட்டைத் திறந்து உள்ளே விட்டார்.

வின்ஸ்டன் ஆபீஸ் ரூமில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். தலைமயிரெல்லாம் மில் பஞ்சு.

"நான்தானுங்க பூவரசு. என்னோடதைத் திறந்துவிடாதீங்க."

அவர் எழுந்தே விட்டார். "பூவரசா? நான் ரிட்டயர்டு தமிழ் வாத்தியார்னுல்ல நெனைச்சேன்! ஒரு பிரம்போட!"

அவள் சிரிக்கவில்லை. மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னாள். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது.

"ஏனுங்க, ஒண்ணு கேக்கறேன். எழுதுனது உங்க ஊட்டு ஆளா இல்லாம, ஊரு பேரு தெரியாத ஒரு அம்மாவா இருந்தா, பஸ் ஏறி வந்திருப்பீங்களா?"

கிளாடிஸ் தலை குனிந்தாள்.

"வந்த அத்தனையும் நான் படிச்சுட்டேனுங்க. அருமை, மிக அருமை, கண்ணீர் வந்துச்சு. கொஞ்சம் பேரு பாதியிலயே மூடிவெச்சுட்டு எழுதியிருக்காங்கன்னு நல்லாத் தெரியுது. முழுசாப் படிச்சது நீங்க மட்டுந்தான். எந்த எடத்துல அந்தத் தாய் உசுரோட இருக்கறா, எந்த எடத்துல நாடகம் ஆடறான்னு பக்கம் பக்கமா சொல்லியிருக்கீங்க. அதை அழிக்கச் சொல்றீங்க."

"அழிச்சுருங்க."

"ரோசிச்சு..."

"அந்தக் கடைசி வரி அவங்க கண்ணுல படக் கூடாதுங்க. அவங்க பிள்ளையைச் சாகக்குடுத்தவங்க."

வின்ஸ்டன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். கீபோர்டில் ஒரு கட்டையைத் தட்டினார். ஸ்கிரீனில் இருந்து பூவரசு போய்விட்டது. மற்றதை எல்லாம் திறந்துவிட்டார். அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். ஆனால் வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவளுக்குக் காற்று முகத்தில் பட்டது. தப்பிச்சோம் என்று நினைத்தாள். இருட்டுகிற நேரத்தில் வீட்டுக்குள் நுழைந்தாள்.

அற்புதம் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். வெள்ளைச் சேலைகூட மாற்றவில்லை. மடியில் ஒரு பிரிண்ட் தாள்.

காலையில் பார்த்த வெறும் கிளிப் அப்போதுதான் கிளாடிஸுக்கு மனசில் ஏறியது.

"வா கண்ணு. எங்கே போனே? குழம்பு பாதியில கெடந்துச்சு. இதைப் படி. காலையில டியூட்டிக்குப் போறப்ப பாரூக் கடையில எடுத்தேன். பூவரசுன்னு ஒரு ஆளு."

"நங்கையா..."

"பகலெல்லாம் வார்டுல வெச்சுப் படிச்சேன். மொதத் தடவை படிச்சப்போ அந்தாளை வெட்டிப்போடலாம்னு இருந்துச்சு. நாலாந்தடவை படிச்சப்போ..." தாளை மடியில் வைத்து நீவிவிட்டாள். "பொழுதோட லைன் வந்ததும் பாரூக் எல்லாத்தையும் படிச்சுக் காமிச்சாரு. எல்லாம் அருமையாமா. இது மட்டும் வரலை. எதுக்கு வரலை? யாரோ எனக்காகப் பரிதாபப்பட்டு மறைச்சுப்போட்டாங்களா? நானென்ன பரிதாபத்துக்கா எழுதுனேன்?"

கிளாடிஸுக்கு வாய்ப்பு இருந்தது. "எனக்கென்னங்க தெரியும்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பூவரசு யாரென்று கடைசி வரைக்கும் தெரியாமலே போயிருக்கும். அவள் தரையில் உட்கார்ந்தாள்.

"மறைச்சது நான்தானுங்க. எழுதுனதும் நான்தான். பெருந்துறைக்குப் போய் அழிச்சுப்போட்டு வாரேன்."

அற்புதம் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அடி விழும் என்றுதான் கிளாடிஸ் நினைத்தாள். விழுந்திருந்தால் தேவலை.

கடைசியில் அற்புதம் சுவரைப் பார்த்துப் பேசினாள்.

"மெர்சியை அடக்கம் பண்ணிட்டு வந்த அன்னைக்கு நான் அழுகலை. அவளோட யூனிபார்ம் ஊற வெச்சது அப்படியே இருந்துச்சு. தொவைச்சுக் கொடியில போட்டேன். காயிற வரைக்கும் அதுக்கு முன்னால நின்னேன். கல்நெஞ்சுக்காரின்னு சர்ச்சுல பேசினாங்க. அதனாலதான் புஸ்தகத்துல அவளைப் பக்கம் பக்கமா அழுக வெச்சேன். நான் செய்யாததை அவ செய்யட்டும்னு." தாளைத் தட்டினாள். "அந்த அழுகை பொய்யின்னு நீ கண்டுபுடிச்சுட்டே."

கிளாடிஸ் அழுதாள். அற்புதம் அழவில்லை.

"ஆனா இந்தக் கடைசி வரி இருக்குதே, இது புஸ்தகத்தைப் பத்தி இல்லை. எழுதுனவளைப் பத்தி. அதைச் சொல்ல உனக்கு உரிமையில்லை கண்ணு. நான் யாரோவா இருந்தாலும் இல்லை."

"இல்லீங்க."

"அதை எடுத்துப்போட்டு மிச்சத்தை நாளைக்கு மறுபடி அனுப்பு. பூவரசு கீவரசெல்லாம் வேண்டாம். உன்ற பேர்ல."

"சரிங்க."

அப்புறம் சாப்பாட்டு நேரம் வரைக்கும் அற்புதம் கிளாடிஸிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ரூபன் வந்து, என்ன வீடு இப்படி இருக்குதென்று கேட்டதற்கு, ரெண்டு பேரும் ஆளுக்கொரு வேலையைப் பார்க்கப் போனார்கள். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோதுதான், அற்புதம் ரசத்தை அவள் பக்கம் தள்ளி, "விரல்ல என்ன துணி? காட்டு," என்றாள். நர்ஸ் இல்லையா, மருந்து வைத்து அழுத்திக் கட்டினாள். கட்டிக்கொண்டே சொன்னாள்:

"ஞாயித்துக்கிழமை சர்ச்சு முடிஞ்சதும் அந்த அழுகாச்சி அத்தியாயத்தைக் கிழிச்சுப்போட்டு மறுபடி எழுதப்போறேன். நீ பக்கத்துல உக்காந்திரு. வாயை மட்டும் தொறந்தே, இன்னொரு கையையும் கட்டிப்போடுவேன்."

அவ்வளவுதான் கண்ணுகளா கதை. உங்க ஊட்டுல அடுப்பு அணையாம எரியட்டும். சொல்றதை மறைக்காத வாயும், அதைத் தாங்கிக்கிற நெஞ்சும் ஒரே கூரைக்கடியில இருக்கட்டும். உங்க பிள்ளைகளோட துணி நாளெல்லாம் உங்க கொடியில காயட்டும், மகராசியா இருங்க.