வலிக்காத ஹெட்செட்

பெட்டியில் நான்கு ஹெட்செட்டுகள் வந்திருந்தன. ஒரு வாரம் மாட்டிப் பார்த்துவிட்டு, எது வலிக்கவில்லை என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுதித் தர வேண்டும். எழுத வேண்டியவள் நான்.

"மத்தவங்க ரெண்டு மணி நேரம் மாட்டுவாங்க, கழட்டுவாங்க. நீங்கதான் காலைல மாட்டினா சாயங்காலம் வரைக்கும். உங்க தலைக்கு ஒத்து வந்தா ஊருக்கே ஒத்து வரும்" என்றார் அரங்கத்தின் மேனேஜர்.

என் இடம் மேடையின் பக்கத் திரைக்குப் பின்னால் இருக்கிறது. ஒரு சின்ன மேசை, நாடகப் பிரதி, நீல விளக்கு. விளக்கு மாறுவதும், ஓசை எழுவதும், மேலேயிருந்து திரை இறங்குவதும் நான் ஹெட்செட்டில் 'கோ' என்று சொன்ன பிறகுதான். அதற்கு முன் 'ஸ்டாண்ட்பை' என்பேன். உரியவர் 'ரெடி' என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வராமல் 'கோ' கிடையாது. பதினெட்டு வருடங்களில் இதில் ஒருநாளும் மாற்றம் இருந்ததில்லை.

இந்த வேலைக்கு இரண்டு காதும் வேண்டும். வலது காது ஹெட்செட்டுக்கு. இடது காது மேடைக்கு.

என் இடது காது மூன்று வாரங்களுக்கு முன்னால் போய்விட்டது. ஒரு காலையில் வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தபடி விழித்தேன். வீடு அவ்வளவு அமைதியாக இருந்ததால் கணவர் வேலைக்குக் கிளம்பிவிட்டார் என்று நினைத்தேன். கண்ணைத் திறந்தால் அவர் கட்டிலருகே நின்று வாயசைத்துக்கொண்டிருந்தார். நிறைய நேரமாகக் கூப்பிட்டிருக்கிறார். டாக்டர் முதல் தடவை மாத்திரைகளை மளமளவென்று எழுதினார். இரண்டாம் தடவை ஒன்றும் எழுதாமல் பேனாவை மூடிவிட்டு மெதுவாகப் பேசினார். அந்த மெதுவிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

அரங்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. நடிகர்களின் உதட்டைப் பார்த்தும், பிரதியில் விரலை ஓட்டியும், பழக்கத்தின் கணக்கிலும் சமாளித்தேன். சமாளிப்பது என்பது ஒரு தனி வேலை. அதைச் செய்துகொண்டே என் வேலையையும் செய்தேன்.

பழைய ஹெட்செட்டுக்கு நாங்கள் வைத்த பெயர் மாமியார். தலையை விட்டு இறங்காது, இறங்கினாலும் நெற்றிப்பொட்டில் வலி இருக்கும். அதை ஒழித்துக்கட்டப் போகிறோம் என்பதில் எல்லோருக்கும் கொண்டாட்டம். விளக்குப் பலகையில் உட்காரும் பெண்ணை லைட்டு என்று கூப்பிடுவோம். அவளுக்குக் கண்ணாடியின் காம்புக்கும் ஹெட்செட்டுக்கும் நடுவே காது நசுங்கும். மேலே, மேடைக்கு நாற்பதடி உயரத்தில் நின்று திரைக் கம்பிகளை ஏற்றி இறக்குபவர் கயிற்றண்ணன். அவர் தலையில் ஒரு முடி இல்லை.

"எதை மாட்டினாலும் வழுக்கிட்டுப் போகுது தங்கச்சி. பிசின் வெச்சு ஒட்டினாத்தான் உண்டு."

"ஒட்டிட்டா அப்புறம் அண்ணி எப்படித் திட்டுவாங்க? உங்க காதுல விழாதே" என்றாள் லைட்டு.

"அதுக்காகவே ஒட்டிக்கலாம்னு பாக்கறேன்."

நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறேன் என்று பார்த்துக்கொண்டேன்.

கழுத்துக்குப் பின்னால் வளைந்து போகும் ஒன்று குனிந்தால் கழன்றது. காது மடலில் கொக்கி போட்டுக்கொள்ளும் ஒன்று அரை மணியில் மடலை அறுத்தது. மூன்றாவது ஒரு காதுக்கு மட்டும். பஞ்சு போல இருந்தது. நான்காவது இரண்டு காதையும் மூடுவது. அதற்குள்ளேயே மேடைச் சத்தத்தையும் விடலாம் என்று தாளில் போட்டிருந்ததைப் படித்ததும் எனக்கு உயிர் வந்தது. போட்டுப் பார்த்தேன். நாயகியின் பேச்சும் லைட்டின் பதிலும் ஒரே காதுக்குள் ஈரத்துணிகள் மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிரிக்க வரவில்லை. இருந்தாலும் புதன்கிழமை முழுக்க அதையே மாட்டியிருந்தேன். வேறு வழி தெரியவில்லை.

அன்று மதிய இடைவேளையில் கணவர் போனில் கூப்பிட்டார். இடுப்பில் மாட்டியிருந்த ஹெட்செட் பெட்டியின் பொத்தானை அழுத்திவிட்டு, வலது காதின் மூடியைப் பின்னால் தள்ளி, போனை அங்கே வைத்தேன்.

"இன்னும் சொல்லல" என்றேன். "எப்படிங்க சொல்றது? இடது பக்கம் சுத்தமா இல்ல, இனிமே வராதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு, அப்படின்னா? அடுத்த நிமிஷம் அந்த மேசைல வேற ஆளு உக்காந்திருக்கும். இங்க நாலு ஹெட்செட் குடுத்து எது வசதின்னு கேக்கறாங்க. இருக்கறது ஒரு காது, இதுல என்ன வசதி? இல்ல, அழல. கம்பி இறங்கறப்ப கண்ணால பாத்துக்கறேன். மூணு வாரமா அப்படித்தானே ஓட்டறேன்?"

பழைய பெட்டியில் பொத்தானை அழுத்தினால் மைக் அணையும். பதினெட்டு வருடம் என் விரல் அதைத்தான் செய்தது. புதியதில் மைக்கின் தண்டை மேலே தூக்கினால்தான் அணையும், பொத்தானை அழுத்தினால் திறந்தபடியே நிற்கும். அப்படித் திறந்திருந்தால் பேசுவது ஹெட்செட் மாட்டிய எல்லோருக்கும் கேட்கும், பேசுகிறவர் காதிலும் கேட்கும். என் குரலும் கேட்டிருக்க வேண்டும், இடது மூடிக்குள். அந்தப் பக்கம் கேட்கத்தான் ஆளில்லை.

பிற்பகலில்தான் கவனித்தேன். லைட்டு டீயைக் கொண்டுவந்து, மேசையைச் சுற்றி நடந்து, என் வலப்பக்கம் வைத்தாள். எப்போதும் இடப்பக்கம் வைப்பவள். ஒலியைப் பார்த்துக்கொள்ளும் பையன் ஏதோ கேட்க வந்தவன் பாதி தூரத்தில் வழியை மாற்றி வலப்பக்கமாக வந்தான். குனிந்து இடுப்புப் பெட்டியைப் பார்த்தேன். மைக் திறந்திருப்பதைக் காட்டும் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஒத்திகை முடிந்ததும் கயிற்றண்ணன் இரும்பு ஏணியில் இறங்கி வந்தார். அவரும் வலப்பக்கமாகத்தான் வந்தார்.

"நான் யார்கிட்டயும் சொல்லல. அந்தப் பசங்களையும் வாயத் தொறக்கக் கூடாதுன்னுட்டேன்."

"ரொம்ப நன்றிண்ணே."

"நன்றியெல்லாம் சொல்லாத. எனக்குப் பயமா இருக்கு தங்கச்சி." துணியால் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "அந்தக் கம்பி எரநூறு கிலோ. மேலேருந்து பாத்தா எனக்குப் பாதி மேடைதான் தெரியும். கீழ ஒருத்தன் தப்பான இடத்துல நின்னு கத்தினா எனக்குக் கேக்காது. உனக்குக் கேக்கும்னுதான் இத்தன வருஷமா கண்ண மூடிட்டு இறக்கறேன்."

"கண்ணால பாத்துக்கறேண்ணே."

"இருட்டுல எத பாப்ப?"

இந்தக் கேள்வியைத்தான் நான் எனக்குள் கேட்காமல் தள்ளி வைத்திருந்தேன் என்பது அவர் கேட்டபோது தெரிந்தது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள நீயே சொல்லிடும்மா. நான் போட்டுக் குடுத்த மாதிரி ஆயிட வேண்டாம்."

வியாழக்கிழமை இரண்டு முறை மேனேஜர் அறைக்குப் போனேன். முதல் தடவை நீல விளக்கின் பல்பு மங்கலாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். இரண்டாம் தடவை அவரே, "என்ன, முடிவு பண்ணிட்டீங்களா?" என்றார். "நாளைக்கு சொல்றேன் சார்" என்றேன். சொல்ல வேண்டியது மூன்று வார்த்தை. அவற்றைச் சொன்னதும் நான் யாராக இருப்பேன் என்று தெரியவில்லை. வீட்டில் நான் மனைவி, அக்கா, சித்தி. அந்த நீல வெளிச்சத்தில் மட்டும்தான் நான் ஒரு வார்த்தை சொல்லி, இருட்டில் இருக்கும் ஆறு பேர் அதை நம்பிக் கை அசைக்கிறார்கள்.

அன்று ஒத்திகையில் லைட்டு ஒரு காரியம் செய்தாள். நான் கேட்காமலேயே, நடிகர்களின் வசனங்களை ஹெட்செட்டில் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். 'அப்பா எழுந்துட்டாரு. கதவுகிட்ட போறாரு. இப்ப சிரிக்கறாங்க.' ஒரு இடமும் தவறவில்லை. முடிந்ததும், "நல்லா போச்சுல்லக்கா?" என்றாள், முகமெல்லாம் மலர்ந்து. அவளைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, அறையவும் தோன்றியது. அவள் விளக்குப் பலகையில் இரண்டு மாற்றங்கள் தாமதமாக விழுந்திருந்தன. அதை மேனேஜர் அவள் கணக்கில்தான் எழுதியிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை தாளில் எழுதினேன்: மூன்றாவது. ஒரு காதுக்கானது. எடை குறைவு, கண்ணாடி போடுபவர்களுக்கும் வலிக்காது, தலையில் வழுக்காது, மற்ற காது மேடைக்குத் திறந்திருக்கும். எழுதியதெல்லாம் உண்மை. தாளை மேனேஜரிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, "அருமை. இதையே வாங்கிடலாம்" என்றார். நான் ஒரு விநாடி அதிகமாக நின்றேன். பிறகு என் மேசைக்குப் போய்விட்டேன்.

அன்றைய ஒத்திகைக்கு மூன்றாவதை வலது காதில் மாட்டினேன். உடனே மேடை கண்ணாடித் தொட்டிக்குள் போய்விட்டது. 'பேசாதம்மா, உன் வேலையைப் பாரு' என்று லைட்டிடம் முன்பே சொல்லியிருந்ததால் அவளும் மௌனம். முதல் காட்சி உதட்டைப் பார்த்தே ஓடியது. காட்சி முடிவில் விளக்கு அணைந்ததும், வீட்டுச் சுவர் வரைந்த பெரிய திரை ஏழாவது கம்பியில் இருட்டில் இறங்க வேண்டும்.

"ஸ்டாண்ட்பை, கம்பி ஏழு."

பதில் இல்லை.

"கம்பி ஏழு, ஸ்டாண்ட்பை."

மூச்சு கேட்டது. நாற்பதடி உயரத்திலிருந்து, என் நல்ல காதுக்குள், அவ்வளவு தெளிவாக.

"அண்ணே."

"இருக்கேன் தங்கச்சி."

"ரெடின்னு சொல்லுங்க."

"முடியலம்மா. நாக்கு வரமாட்டேங்குது."

விளக்கு அணையாததால் மேடையில் நடிகர்கள் அசையாமல் நின்று, பிறகு அசைந்து, என் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். பார்வையாளர் வரிசையில் மேனேஜர் எழுந்து நின்று ஏதோ கேட்டார்.

"அக்கா," லைட்டின் குரல், "கம்பி மக்கர் பண்ணுதுன்னு சொல்லிடட்டுமா?"

"வேணாம்மா."

"ஒரே ஒரு தடவைக்கா..."

"வேணாம். பொது விளக்கைப் போடு."

அரங்கம் முழுக்க வெளிச்சம் வந்தது. மைக்கின் தண்டை மேலே தூக்கினேன். இந்த முறை குனிந்து, பச்சை விளக்கு அணைந்ததைப் பார்த்துக்கொண்டேன். ஹெட்செட்டைக் கழற்றிப் பிரதியின் மேல் வைத்தேன். மேடைக்கு நடந்துபோகும்போது கை தானாகத் தலைக்குப் போய், நிஜமாகவே கழற்றிவிட்டேனா என்று தடவிப் பார்த்தது. அவ்வளவு லேசான சாதனம்.

"சார், அந்தத் தாள்ல ஒண்ணு எழுதாம விட்டுட்டேன்" என்றேன்.

மேனேஜர் மேடைப் படியில் ஏறி வந்தார். வந்தவர் என் இடப்பக்கம் நின்றுகொண்டார். அவருக்குத் தெரியாது. ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார்.