எழுப்பிவிட்டவள்

சுமை தூக்குகிறவர் உறங்கும்போது எங்கள் வீட்டில் பாத்திரம்கூடச் சத்தம் போடாது. என் கணவர் தங்கதுரை மட்டாஞ்சேரி அரிசிக் கிட்டங்கியில் மூட்டை இறக்குகிறவர். நான் செம்மீன் எனப்படும் இறாலை உரிக்கும் ஷெட்டில் வேலை பார்க்கிறவள். கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் நான் அவரை உறக்கத்திலிருந்து எழுப்பியதே இல்லை.

ஆஸ்பத்திரியிலும் அதே பழக்கம். தலையில் மூட்டையோடு நடக்கும்போது மூளையில் ரத்தக்குழாய் வெடித்து விழுந்தவர் அவர். வெடித்த இடத்தை அடைத்துவிட்டார்கள். ஏழாம் நாள் காலையில் கஞ்சி குடித்துவிட்டு, "குளிச்சிட்டு வந்தும் செம்மீன் நாத்தம் போகல்லியேடீ" என்று கேலி செய்தார். பத்து மணிக்கு உறங்கிப்போனார். பக்கத்துக் கட்டிலுக்கு ஆள் வந்த சத்தம் கேட்கக் கூடாதென்று நான் திரையை இழுத்து மூடினேன்.

பதினொரு மணிக்கு நர்ஸ் அம்பிளி வந்து அவர் தோளைத் தொட்டாள்.

"எழுப்பாத மோளே. இப்பதான் அசந்து உறங்குறாரு."

"சேச்சி கொஞ்சம் மாறி நில்லு." அவரை உலுக்கினாள். "சேட்டா, பேரு சொல்லு."

உதடு அசைந்தது. சொல் வரவில்லை.

"வலது கையைத் தூக்கு."

அத்தனை மூட்டை தூக்கிய கை மெத்தையை விட்டு எழவில்லை. அம்பிளி ஓடினாள்.

டாக்டர் ஸாதனா வந்து பார்த்தார். "கசிஞ்ச ரத்தம் பட்டு மூளையில மத்த குழாய் சுருங்கியிருக்கு. தொடை வழியா டியூப் விட்டு, மருந்து குடுத்து விரிக்கணும். தாமசிச்சா பேச்சும் கையும் போயிரும். எப்ப இருந்து இப்படி?"

"தெரியல்ல டாக்டர். உறங்குறாருன்னு நான்தான் எழுப்பல்ல."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அவரை உடனே உள்ளே கொண்டுபோனார்கள். நான் வெளியே காத்திருந்தேன். கூட மூட்டை தூக்கும் முகமது இஸ்மாயில் சாயா வாங்கி வந்தார். "அவனை உறக்கத்துல எழுப்பினா செவிட்டுல ஒண்ணு விடுவானே. அந்தப் பொண்ணுக்கு நல்ல தைரியம்."

"அடிக்கட்டும் அண்ணே. அடிக்க அந்தக் கை எழும்பினாப் போதும்."

சாயங்காலம் எழும்பியது. முதலில் விரல், பிறகு முழங்கை. அம்பிளி பெயர் கேட்டாள். "தங்க... துரை" என்றவர், அவளை முறைத்தார். "உறங்க விடமாட்டியா?"

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். செம்மீன் நாற்றம் ஒட்டுமே என்றுகூடத் தோன்றவில்லை. அவளும் கையை இழுக்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் சில நாள் நாலு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை இருந்தது. உறங்கினால் உலுக்கி எழுப்பினேன். என் அப்பனிலிருந்து தொடங்கி வம்சத்தையே திட்டுவார். ஒரு சொல்கூடக் குழறாது. முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் தண்ணீர் கொடுப்பேன்.