ரோண்டாவின் கைக்கு ஏற்ற துப்பாக்கி

ரோண்டாவை அடித்து உள்ளே போன முன்னாள் கணவன் டிராய் வெள்ளிக்கிழமை சிறையிலிருந்து வெளியே வருகிறான். போனில் சொன்ன ஷெரிப் அலுவலகப் பெண், "அவர் உங்க கிட்டயே வரக்கூடாதுன்னு கோர்ட் உத்தரவு இருக்கே, மேடம்" என்றாள். காகிதத்துக்குப் பயப்படுகிற ஆளா அவன்? அவனுக்குப் பயந்தே இரண்டு முறை வீடு மாறியாயிற்று. இனி மாறுவதில்லை என்ற வைராக்கியத்தோடுதான் ரோண்டா ஊர்க்கோடியிலிருந்த துப்பாக்கிக் கடைக்குப் போனாள். வயது முப்பத்தெட்டு. முடக்குவாதத்தில் விரல் கணுக்கள் வீங்கிக் கிடந்தன.

ஓக்லஹோமாவில் எந்தத் துப்பாக்கிக் கடையில் பெண்பிள்ளை நுழைந்தாலும் நடப்பதுதான் நடந்தது. கடைக்காரர் டெல்மர், இளஞ்சிவப்புப் பிடி போட்ட குட்டிப் பிஸ்டலை எடுத்து வைத்தார்.

"குண்டு ஏறணும்னா மேல்பாகத்தைப் பின்னாடி இழுக்கணும். இழும்மா, பாப்போம்."

பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். அசையவில்லை.

"சின்னதுன்னா சுலபமா இருக்கும்னு நெனச்சேன்."

"எல்லாரும் அப்படித்தான் ஏமாறுறாங்க. சின்னதுலதான் ஸ்பிரிங் இறுக்கம். சுட்டா உதையும் ஜாஸ்தி."

"அப்புறம் எதுக்கு எடுத்துக் குடுத்தீங்க? கலரைப் பாத்து மயங்கிடுவேன்னா?"

டெல்மர் அசடு வழிந்தார்.

அடுத்து எடுத்துக் கொடுத்த ரிவால்வரில் இழுக்க எதுவுமில்லை. ஆனால் அதன் விசை அவள் விரலுக்கு மசியவில்லை. கடைசியில் சற்றுப் பெரிய பிஸ்டல் ஒன்று வந்தது, ஸ்பிரிங் இளக்கமாகச் செய்தது. "இழுக்காதே. மேல்பாகத்தை இறுக்கிப் பிடிச்சு, பிடியை முன்னால தள்ளு" என்றார். தள்ளினாள். நகர்ந்தது! தன் கை சொன்னதை ஒரு பொருள் கேட்டு எத்தனை மாதமாயிற்று! அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"வீட்ல வேற யாரு?"

"என் பொண்ணு கேசி. ஏழு வயசு."

டெல்மர் இரும்புப் பெட்டி ஒன்றை நகர்த்தினார். அதன் சாவியை அவளால் திருப்ப முடியவில்லை. பொத்தான் வைத்த பெட்டியும் அவள் விரலுக்குத் திறக்கவில்லை.

"சரி, இடுப்புலயே வெச்சுக்க. கழட்டவே கழட்டாதே."

ரோண்டா தன் விரல்களைப் பார்த்தாள். காலையில் பத்து மணிவரை அவள் விரல்கள் மடங்காது. அவளுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவது கேசி. பிள்ளைகள் திறந்துவிடக் கூடாதென்றே செய்த மாத்திரை டப்பாவை அம்மாவுக்குத் திறந்து கொடுப்பதும் கேசி. இனி பிஸ்டலை இடுப்பில் கட்டிவிடப் போவதும் அவள்தான்.

"என்னால முடியறது அவளாலயும் முடியும், மிஸ்டர் டெல்மர். என்னால முடியாததும் முடியும்."

பிஸ்டலை அவர் பக்கமே தள்ளிவிட்டு வெளியே வந்தாள். வண்டியில் உட்கார்ந்து பக்கத்து மாநிலமான கான்சஸிலிருந்த அண்ணன் லைலைக் கூப்பிட்டாள்.

"வியாழக்கிழமைக்குள்ள வந்துடறோம், அண்ணே."

"செத்தாலும் வீட்டை விட மாட்டேன்னியே?"

"சொன்னேன்தான்." அடித்தவன் ஊருக்குத் திரும்புகிறான், அடிவாங்கியவள் ஓடுகிறாள்.

"கேசி கிட்ட என்ன சொல்லப் போற? எதுக்குன்னு கேப்பாளே?"

"உண்மையைத்தான் சொல்லணும். துணிப் பெட்டியைக் கட்டப் போறதே அவதானே."