கணக்கில் சேராத வயல்

நான்கு மூலையிலும் முளை அடித்துக் கயிற்றை இழுத்துக் கட்டும்போதே இது தேறாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கயிற்றுக்குள் அகப்பட்ட மக்காச்சோளத் தட்டைகள் இடுப்புயரம்கூட எழும்பவில்லை. கதிர் என்று கைக்கு வந்ததெல்லாம் வெறும் தோல். உரித்தால் உள்ளே கிழவன் வாய்ப் பல் மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாக மணிகள். புள்ளியியல் துறையில் கள ஆய்வாளர் வேலை அவளுக்குப் புதிதல்ல. குலுக்கலில் எந்த வயல் விழுகிறதோ அதில் சதுரம் கட்டி, அறுத்து, மணியை உதிர்த்து, எடை போட்டு அனுப்ப வேண்டும். வட்டாரம் முழுக்க இப்படி எடுத்த எடைகளின் சராசரியைப் பார்த்துத்தான் விளைந்ததா, பொய்த்ததா என்று அமைச்சகம் முடிவு செய்யும். வழக்கமான விளைச்சலில் பாதிக்குக் கீழே போனால் நிவாரணம் உண்டு. போகாவிட்டால் இல்லை.

"ஒரு கைப்பிடிதான் மேடம் தேறும். அதுக்குப் போய் இவ சாக்கு எடுத்துட்டு வந்திருக்கா" என்றார் வரப்பில் குந்தியிருந்த வயல்காரர். சிரிக்கத்தான் பார்த்தார். முகம் ஒத்துழைக்கவில்லை. அவர் மனைவி மணிகளைப் புடைத்துத் தராசில் கொட்டினாள். முள் நகர்ந்ததா இல்லையா என்று மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள்.

"இத இப்படியே எழுதுவீங்களாம்மா?" என்று மனைவி கேட்டாள்.

"உள்ளத உள்ளபடி எழுதுவேங்க்கா."

அந்த வாரம் அவள் பார்த்த மேட்டு வயல்கள் எல்லாமே இதே லட்சணம்தான். மழை எட்டிப் பார்க்காத ஊர்கள். வாய்க்கால் ஓரத்து வயல்களை இன்னொரு ஆய்வாளர் பார்த்தார். அங்கே பயிர் ஆள் உயரம்.

எடைகளைக் கொண்டுபோய்க் கொடுத்த அன்றே மேலதிகாரி கூப்பிட்டு உட்காரச் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. மேலேயிருந்து வரும் தொலைபேசிக்கு எழுந்து நின்று பேசிப் பேசியே முதுகு வளைந்துபோனவர்.

"நல்ல விளைச்சல்னு அமைச்சர் ஏற்கெனவே பேட்டி குடுத்துட்டாரு. நீ இதக் கொண்டு வந்து நீட்டுறே."

"அளந்ததுல வந்தது அவ்வளவுதான் சார்."

"நீ அளக்கலைன்னு யாரும்மா சொன்னா? இவ்வளவு அடிமட்டத்துல இருந்தா மேல நம்ப மாட்டாங்க. வட்டாரச் சராசரி பாதிக்குக் கொஞ்சம் கீழ வர்ற மாதிரி கூட்டிப் போட்டுக் குடு. அது நிக்கும். நான் உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

இப்படிப்பட்ட தேனொழுகும் பேச்சை அவள் நிறையக் கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருவருக்காக எதையாவது கூட்டச் சொல்வார்கள், குறைக்கச் சொல்வார்கள். அவளும் முனகிக்கொண்டே செய்திருக்கிறாள். இந்த முறை அந்த அக்காவின் முகம் கண்ணை விட்டுப் போகவில்லை. ஒரு கிராம்கூட மாற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள். வீட்டில் இதைக் கேட்ட புருஷன், "உன்கிட்ட இவ்வளவு தைரியம் இருக்குன்னு தெரியாமப் போச்சே" என்று தேநீர் போட்டுக் கொடுத்தான். பல மாதங்களுக்குப் பிறகு நெஞ்சு லேசாக இருந்தது.

அறிக்கை வந்தபோது வட்டாரத்தின் சராசரி நன்றாகவே இருந்தது. அவளுடைய வயல்கள் ஒன்றுகூட அதில் இல்லை. வழக்கத்துக்கு மிகவும் மாறானவை என்று தலைநகரில் மொத்தமாகக் கழித்திருந்தார்கள். மிச்சமிருந்தவை வாய்க்கால் ஓரத்து வயல்கள். நிவாரணப் பட்டியலில் வட்டாரத்தின் பெயரே இல்லை.

"யாரும் வேணும்னு செய்யல" என்றார் மேலதிகாரி. "எல்லையைத் தாண்டினா தூக்கிடணும்னு விதி இருக்கு. அதுக்குத்தான் அன்னிக்கே தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்." அவர் குரலில் குத்தல் இருந்திருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும். இல்லை. அவர் சொன்ன மாதிரி எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவள் மனசுக்குள் போட்டுப் பார்த்தாள். வட்டாரச் சராசரி பாதிக்குக் கீழே இறங்கியிருக்கும். இன்னொரு தடவை போட்டாள். அப்போதும் இறங்கியது.

அடுத்த விடுமுறையில், வேலை எதுவும் இல்லாமலே, அந்த வயலுக்குப் போனாள். அக்கா மட்டும்தான் இருந்தாள். அடுப்புக்காகக் காய்ந்த தட்டைகளை ஒடித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் பெருநகரத்துக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார். முதுகுவலிக்காரர், சிமெண்டு மூட்டை தூக்குகிறாராம். பெண்ணின் படிப்பை நிறுத்தி அவளையும் கூடவே அனுப்பியாயிற்று.

"நமக்கு இல்லன்னுட்டாங்களேம்மா. நீங்க எழுதுனீங்கதான?"

"எழுதினேங்க்கா. அப்படியே எழுதினேன்."

"அப்ப நம்ம நேரம்தான். நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்."

அதோடு திரும்பி வந்திருக்கலாம். பாவம் என்ற அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டு அவளால் திரும்ப முடியவில்லை. "கொஞ்சம் கூட்டி எழுதியிருந்தா கெடைச்சிருக்கும்க்கா" என்றாள். "எழுதச் சொன்னாங்க. நான்தான் முடியாதுன்னுட்டேன்."

அக்கா ஒடிப்பதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தாள். கோபமில்லை. பாடம் புரியாத பிள்ளையின் முகம்.

"வெளஞ்சதுக்கு மேல எழுதினா எப்படிம்மா நிவாரணம் தருவாங்க?"

அவள் வாயைத் திறந்தாள். விதி, எல்லை, சராசரி என்று எல்லாம் வரிசையாக வந்து நின்றன. எதைச் சொன்னாலும் பைத்தியக்காரியின் பேச்சாகத்தான் கேட்கும். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எங்கிருந்தோ வந்த இரண்டு ஆடுகள் வரப்பைத் தாண்டி உள்ளே இறங்கி, நின்றிருந்த தட்டைகளை இழுத்து மெல்லத் தொடங்கின. அக்கா அவற்றைப் பார்த்தாள். அவளும் பார்த்தாள். இருவரில் யாரும் கையைத் தூக்கி விரட்டவில்லை.