மூன்றாம் எண்ணில் இருந்த வங்கி

டானர் தெருவின் அடிமுனையில் இருந்த வங்கி, ஏவ்ரில் ஸ்டாதரிடம் அபராதம் பிடித்த ஒவ்வொரு முறையும் அவள் வீட்டை நோக்கி ஓர் ஆள் நீளம் நகர்ந்தது. கிரிம்ஸ்பியில் அந்த வருடம் ஹாடக் மீன் விலை ஏறியிருந்தது. பழைய ஐஸ் தொழிற்சாலைக்குள் புறாக்கள் குடியேறியிருந்தன. வங்கி நகர்வதும் இவற்றோடு சேர்த்துப் பேசப்பட்டது.

தெருவில் ஒரு காலத்தில் வரிசையாக வீடுகள் இருந்தன. நகராட்சி எல்லாவற்றையும் இடித்துவிட்டு, அடிமுனையில் மூன்றாம் எண்ணில் இருந்த வங்கியையும் மேல்முனையில் ஏவ்ரிலின் வீட்டையும் மட்டும் விட்டுவைத்தது. நடுவே புல்லும் உடைந்த செங்கல்லும்தான். அதனால் வங்கி வருவதற்கு வழியில் தடை ஒன்றும் இல்லை. செங்கல் கட்டடம், இரண்டு மாடி, பித்தளைக் கைப்பிடி போட்ட கதவு. சத்தமில்லாமல் நகர்ந்தது. காலையில் அது கடந்து வந்த இடத்தில் புல் இஸ்திரி போட்டதுபோல் படிந்து கிடக்கும். பழைய இடத்தில் வாசல்படிக் கல் மட்டும் வராமல் தங்கிவிட்டது. பேருந்து நிறுத்தம் தூரமாகிவிட்டதே என்று வயதானவர்கள் சிலர் முணுமுணுத்தார்கள். வேறு யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அபராதம் வந்த கதை சின்னது. ஏவ்ரில் மீன் கொட்டகையில் ஹாடக்கை முள் நீக்கிச் சீவுகிறவள். வாரக்கூலியைக் கையில் வாங்கிக்கொண்டிருந்தவளுக்கு, முதலாளி மாறியதும் மாதச் சம்பளம் வங்கிக் கணக்கில் விழத் தொடங்கியது. சம்பளம் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை வரும். அவள் கணவன் கெய்த்தின் அடக்கச் செலவுக்கான காப்பீட்டுத் தவணை, எட்டு பவுண்டு, அதற்கு முந்தின நாள் போகும். கணக்கில் எட்டு பவுண்டு இல்லையென்றால் வங்கி முப்பத்தெட்டு பவுண்டு அபராதம் போடும். அந்த அபராதத்தால் அடுத்த தவணைக்கும் பணம் போதாமல் போய், அதற்கும் ஓர் அபராதம் வரும். காப்பீட்டை நிறுத்தியிருந்தால் எல்லாம் அன்றைக்கே முடிந்திருக்கும். ஆனால் கெய்த் நுரையீரல் கெட்டு முன்னறையில் கட்டிலில் கிடந்தான். ஆண்கள் கடலுக்குப் போன குடும்பங்களில், ஆள் நோயில் கிடக்கும்போது அடக்கப் பணத்தை நிறுத்த மாட்டார்கள். நிறுத்துவது சாவுக்குக் கதவைத் திறந்துவிடுவது. ஏவ்ரிலின் அம்மா நிறுத்தியதில்லை, அவளும் நிறுத்தவில்லை. தவணை நாளையாவது மாற்றுங்கள் என்று வங்கியிடம் கேட்டாள். அது காப்பீட்டுக் கம்பெனியின் வேலை என்றார்கள். கம்பெனியோ அது வங்கியின் வேலை என்றது.

இப்படி நாலு வருடம் போயிற்று. நாலாவது வருடக் குளிர்காலத்தில் வங்கியின் நிழல் கெய்த்தின் ஜன்னலைத் தொட்டது. அவனுக்கு இருந்தது அந்த ஒரு ஜன்னல்தான். துறைமுகக் கோபுரத்தின் நுனி அதில் தெரியும். முதலில் கோபுரம் மறைந்தது, பிறகு வானத்தில் பாதி மறைந்தது. நகராட்சியிலிருந்து பெல் என்ற அதிகாரி வந்து இடைவெளியை அளந்தார். வங்கி சுவரைத் தொட்டுவிட்டால் வீடு குடியிருக்கத் தகுதியற்றதாகிவிடும், அன்றே காலி செய்ய வேண்டும் என்றார். வங்கியை நிறுத்த முடியாதா என்று ஏவ்ரில் கேட்டாள். அது நகர்வதாகத் தங்களுக்கு எழுத்தில் எதுவும் வரவில்லை என்றார் பெல்.

கெய்த் கட்டிலில் கிடந்தபடி, "கவலைப்படாத ஏவ்ரில். வரட்டும். வந்தா பாதி வாடகை கேப்போம்" என்றான். அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை மூச்சுக்குத் தவித்தான். இந்தக் கட்டிலை விட்டு அவனை எடுத்தால் அவன் திரும்பி வரமாட்டான் என்று வீட்டுக்கு வந்த நர்ஸ் சமையலறையில் வைத்து அவளிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

ஏவ்ரில் வங்கிக்குப் போய், வரிசையில் ஆட்கள் நிற்கும்போதே மேலாளர் லம்லியிடம் கேட்டாள். "உங்க கட்டடம் என் வீட்டு மேல வந்து விழப்போகுது. அதுக்காவது அபராதத்தை நிறுத்துவீங்களா?"

லம்லி கெட்ட மனிதர் இல்லை. தினமும் காலையில் பேருந்திலிருந்து இறங்கி, மற்றவர்களைப் போலவே புல்லில் நடந்து மேலே வருகிறவர்தான். அவர் குரலைத் தாழ்த்தி, "கட்டடம் எங்கயும் நகரலைங்க. எங்க பதிவுப்படி மூணாம் நம்பர்லதான் இருக்கு" என்றார். வரிசையில் நின்றவர்கள் ஜன்னல் வழியே மூன்றாம் எண்ணைப் பார்த்தார்கள். அது வெகு கீழே மழைத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது.

அந்த நாட்களில் நாடு முழுவதும் ஜனங்கள் வங்கிகள் பிடித்த அபராதத்தைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மீன் கொட்டகையில் ஏவ்ரிலுக்கு எதிரே நின்று சீவும் மேவிஸ் கேட்டு வாங்கியும்விட்டாள். "கோர்ட்டுக்குப் போடீ. அவனுங்க வரவே மாட்டானுங்க. நம்ம கிட்ட மீன் நாறுதுன்னு வக்கீலுங்க பயப்படுறானுங்க" என்றாள். ஏவ்ரில் முதலில் வங்கிப் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளருக்குத்தான் எழுதினாள். அவர் மரியாதையாகப் பதில் எழுதினார்: வழக்குகள் குவிந்திருக்கின்றன, ஒன்பது மாதம் ஆகும். ஒன்பது மாதத்தில் வங்கி அவள் வீட்டுக்குள் புகுந்து மறுபக்கம் வெளியே போயிருக்கும். ஆகவே கோர்ட்டுக்குப் போனாள். மனுவில் வங்கியின் முகவரி எது என்று குமாஸ்தாவைக் கேட்டாள். வங்கி தன் கடிதத்தில் என்ன அச்சடித்திருக்கிறதோ அதுதான் என்றார் அவர்.

தபால்காரர் டென்னிஸ் கிராக் எண்ணைப் பார்த்துத் தபால் போடுகிறவர். வங்கியின் தபால்களை எப்போதும் மூன்றாம் எண்ணில் மிஞ்சிய வாசல்படியில் ஒரு மீன் பெட்டிக்குள் வைத்து, மேலே செங்கல் ஒன்றை ஏற்றிவிட்டுப் போவார். காலையில் வங்கியிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்து எடுத்துப்போவாள். வரிசையில் நின்றவர்கள் காதுபட ஏவ்ரில் கேட்ட அந்தக் கேள்வி லீட்ஸில் இருந்த தலைமை அலுவலகம் வரை போய்விட்டது. கீழே போய்த் தபால் எடுப்பது கட்டடம் நகர்ந்ததை ஒப்புக்கொள்வதாகும், இனி யாரும் போகக் கூடாது என்று அங்கிருந்து உத்தரவு வந்தது. கோர்ட்டின் காகிதம் மீன் பெட்டியில் கிடந்து நனைந்தது. பதில் வராததால் கோர்ட் ஏவ்ரில் பக்கம் தீர்ப்பு எழுதியது: இரண்டாயிரத்துச் சொச்சம் பவுண்டை வங்கி திருப்பித் தர வேண்டும்.

பிக்கர்ஸ் என்ற அமீனா ஜப்திக்கு வந்து நாற்காலிகளைக் குறித்துக்கொண்டபோதுதான் வங்கிக்கு விஷயமே தெரிந்தது. எங்களுக்குக் காகிதம் வரவில்லை, தீர்ப்பை நீக்குங்கள் என்று அது மனுப் போட்டது. அதற்கு விசாரணை நாள் குறிப்பதற்குள் மேலும் இரண்டு அபராதம் விழுந்தது. வங்கிக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு சாண் மிஞ்சியது. முன்னறையில் பகலிலும் விளக்கு எரிந்தது. கெய்த் கைநீட்டி ஜன்னல் வழியே வங்கியின் சுவரைத் தொட்டுப் பார்த்து, ஈரமாக இருக்கிறது என்றான்.

விசாரணை ஒரு வியாழக்கிழமை வந்தது. அடக்கப் பணம் போகிற வியாழன். வங்கி சாத்துவதற்குள் கணக்கில் எட்டு பவுண்டு இல்லையென்றால் ராத்திரி அபராதம், விடிந்தால் சுவர். பெல் இரண்டு ஆட்களோடும் ஒரு ஸ்ட்ரெச்சரோடும் மாலையில் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அன்று ஏவ்ரில் துணி துவைக்கவில்லை. வீட்டு ஆள் கடலேறும் நாளில் துவைத்தால் ஆளை அலை கொண்டுபோகும் என்பதால் அந்தத் தெருப் பெண்கள் துவைப்பதில்லை. இன்று கடலேறுவது அவளேதான், ஆனாலும் விஷப்பரீட்சை வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

கோர்ட் என்பது ஒரு சின்ன அறை, ஒரு நீள மேஜை. மேஜைக்கு அப்பால் நீதிபதி அம்மாள், சளி பிடித்திருந்தார். லீட்ஸிலிருந்து வந்த இளம் வக்கீல் வெகுநேரம் பேசினான். பக்கத்தில் லம்லி உட்கார்ந்து தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் புல் ஒட்டியிருந்தது. ஏவ்ரில் சுவர்க் கடிகாரத்தையே பார்த்தாள். வக்கீல் முடித்ததும் நீதிபதி மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஒரே ஒரு கேள்வி. உங்க கிளை எங்க இருக்கு?" என்றார்.

வக்கீல் லம்லியைப் பார்த்தான். லம்லி நிமிரவில்லை. நகர்ந்துவிட்டது என்று சொன்னால் நாலு வருடமாகச் சொன்னதெல்லாம் பொய். யார் நிலத்தில் நிற்கிறாய் என்று நகராட்சி கேட்கும், என் வெளிச்சம் எங்கே என்று ஏவ்ரில் கேட்பாள்.

"மூணாம் நம்பர்லதான், மேடம்" என்றான் வக்கீல்.

"தபால்காரர் மூணாம் நம்பர்லதான் போட்டிருக்கார். அப்ப உங்களுக்கு வந்து சேர்ந்திருக்கு." நீதிபதி பேனாவை எடுத்தார். "தீர்ப்பு நிக்கும். இன்னைக்கே கட்டுங்க. அமீனா வெளியிலதான் நிக்கிறார்."

நாற்காலிகளைத் தூக்க பிக்கர்ஸ் வண்டியோடு வந்திருந்தார். வங்கி சாத்தக் கொஞ்ச நேரமே இருக்கையில் லம்லி தன் கையாலேயே பணத்தை ஏவ்ரிலின் கணக்கில் ஏற்றினார். சற்று நேரத்தில் அதிலிருந்து எட்டு பவுண்டு அடக்கச் செலவுக்குப் போயிற்று. பெல்லின் ஆட்கள் ஸ்ட்ரெச்சரைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஏவ்ரில் தந்த தேநீரைக் குடித்தபடி காத்திருந்தார்கள். இருட்டிய பிறகும் வங்கி அசையவில்லை. காலையில் பார்த்தபோதும் அதே ஒரு சாண்தான் இருந்தது.

அது திரும்பிப் போகவும் இல்லை. பணத்தைத் திருப்பித் தரச் சொன்ன தீர்ப்பில் கட்டடத்தைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. முன்னறைக்கு வெயில் பிறகு வரவேயில்லை. ஆனால் கிழக்கிலிருந்து கடல் காற்று அடிக்கும் பக்கத்தை வங்கி மறைத்துக்கொண்டு நின்றதால், கெய்த் அந்தக் குளிர்காலத்தில் இருமாமல் தூங்கினான். அடுத்த குளிர்காலத்திலும் தூங்கினான். வீட்டைச் சூடாக்கும் எரிவாயுவின் செலவு பாதியாகக் குறைந்தது. பாதி வாடகை வந்துவிட்டது என்று அவன் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னான்.

தீர்ப்புக்கு மறுநாள் வெள்ளிக்கிழமையே ஏவ்ரில் இரண்டு நாள் துணியையும் சேர்த்துத் துவைத்திருந்தாள். கொடியின் ஒரு முனை அவள் வீட்டின் பின்மூலையில் இருந்தது. மறுமுனை கட்ட இடமில்லை. சுத்தியலை எடுத்துப்போய், வீட்டைவிட அகலமாகப் பக்கவாட்டில் நீண்டிருந்த வங்கியின் பின்சுவரில் ஒரு கொக்கி அடித்தாள். உள்ளே எல்லோருக்கும் சத்தம் கேட்டிருக்கும். யாரும் வெளியே வரவில்லை. மூன்றாம் எண்ணில் இருக்கிற கட்டடத்தில் இங்கே எப்படிக் கொக்கி அடிக்க முடியும்? கெய்த்தின் சட்டைகள் அதில் காய்ந்தன.